படப் பட்டியலில் ஓர் இடைவெளி: செக் நடிகை வ்லாஸ்தா க்ரமோஸ்தோவா எங்கே போனார்?

செக் சினிமாவைப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் சீக்கிரமே வந்து சேரும் படம் ஒன்று உண்டு. யூராய் ஹெர்ஸ் இயக்கி 1969-ல் வெளியான ‘பிணம் எரிப்பவர்’. அதில் தகனக்கூட ஊழியரின் மனைவியாக வருபவர் அதிகம் பேசுவதில்லை. ஆனாலும் படம் முடிந்த பிறகு அந்த முகம் நம்மை விட்டுப் போவதில்லை. யார் இவர் என்று தேடினால் வ்லாஸ்தா க்ரமோஸ்தோவா என்ற பெயர் கிடைக்கும். அவருடைய படப் பட்டியலைத் திறந்தால் குழப்பம் ஆரம்பமாகும். 1950-களிலிருந்து வரிசையாகப் படங்கள் இருக்கின்றன. 1970-களின் தொடக்கத்தில் அந்த வரிசை சட்டென்று நின்றுபோகிறது. மறுபடி 1990-களில்தான் பெயர் தென்படுகிறது.

நோயா, ஓய்வா, அல்லது நாட்டை விட்டுப் போய்விட்டாரா? மூன்றும் இல்லை. அந்த ஆண்டுகள் முழுக்க அவர் பிராக் நகரில்தான் இருந்தார். நடித்துக்கொண்டும் இருந்தார், ஆனால் தன் வீட்டு ஹாலில்.

‘அரசு தடை போட்டது’ என்று ஒரு வரியில் இதைக் கடந்துவிடலாம். அந்த வரி பாதி உண்மைதான். எந்தச் சட்டத்தின் கீழ் தடை, எந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது, உத்தரவு எங்கே என்று கேட்டால் ஒரு காகிதமும் கிடைக்காது. காகிதமே இல்லாத தடை எப்படி ஒரு மனிதரின் தொழிலை அழிக்க முடிந்தது, அந்தத் தொழில் எப்படி ஒரு வீட்டுக்குள் மறுபடி முளைத்தது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

தடைக்கு முந்தைய வாழ்க்கை

க்ரமோஸ்தோவா 1926 நவம்பர் 17 அன்று, செக் நாட்டின் கிழக்குப் பகுதியான மொராவியாவின் பெரிய நகரமான பர்னோவில் பிறந்தார். நவம்பர் 17 என்ற தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில் பர்னோவில் நாடகம் படித்தார். போர் முடிந்ததும் ஓலோமோட்ஸ், பர்னோ மேடைகளில் நடித்துவிட்டு 1950-ல் பிராக்கின் வினோஹ்ராடி நாடக அரங்கில் சேர்ந்தார். தேசிய அரங்குக்கு அடுத்தபடியாகத் தலைநகர மக்கள் மதித்த மேடை அது. இருபது ஆண்டுகள் அங்கே இருந்தார்.

அதே 1950-ல் மார்ட்டின் ஃப்ரிச் இயக்கிய ‘பொறி’ என்ற படத்தில் கதாநாயகியானார். நாஜி எதிர்ப்பு இயக்கத்தைப் பற்றிய படம். நாட்டில் எல்லாருக்கும் தெரிந்த நட்சத்திரமாகிவிட்டார். 1968 வரை அவருடைய வாழ்க்கை ஒரு வெற்றிகரமான நடிகையின் வழக்கமான கதை. அதில் மறைந்திருந்த ஒரு கறையைப் பற்றிப் பின்னால் வருகிறேன், அதைத் தாண்டிப் போக முடியாது.

ஒரு படம், இரண்டு முகங்கள்

‘பிணம் எரிப்பவர்’ படத்தை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். லாடிஸ்லாவ் ஃபுக்ஸ் 1967-ல் எழுதிய நாவல் அதன் மூலம். கதை 1930-களின் கடைசியில், நாஜிகள் செக் நாட்டுக்குள் நுழையும் காலத்தில் நடக்கிறது. கோப்ஃப்ர்கிங்கல் என்ற தகனக்கூட ஊழியர் குடிப்பதில்லை, புகைப்பதில்லை, குடும்பத்தைக் கொஞ்சிக்கொண்டே இருப்பவர். கொஞ்சம் கொஞ்சமாக நாஜிகளின் பேச்சில் மயங்குகிறார். மனைவிக்கு யூத ரத்தம் இருக்கிறது என்ற ஒரு காரணம் போதுமானதாக இருக்கிறது. அவரைக் குளியலறைக்குள் அழைத்துப் போய்த் தூக்கிலிடுகிறார், அதே இனிமையான குரலில் பேசியபடியே.

அந்த ஊழியராக நடித்தவர் ருடோல்ஃப் ஹ்ருஷின்ஸ்கி. பிணத்தின் தலையை ஒரு சீப்பால் அன்பாக வாரிவிட்டு, அதே சீப்பால் தன் தலையையும் வாரிக்கொள்வார். அருவருப்பும் மென்மையும் ஒரே அசைவில் வந்துவிடும். அவர் எதிரே க்ரமோஸ்தோவாவுக்கு இரண்டு வேடங்கள். ஒன்று மனைவி லாக்மே. இன்னொன்று விடுதியில் கணவன் தேடிப்போகும் பெண். மனைவியின் சாயலையே வெளியிலும் தேடும் ஒருவனுடைய மனத்தை வசனமே இல்லாமல் சொல்லிவிடும் ஏற்பாடு அது.

மனைவி பாத்திரத்தில் அவர் செய்வது மிகக் கொஞ்சம். தலை லேசாகச் சாய்கிறது. கணவன் பேசும்போது ஆமோதிக்கும் புன்னகை ஒன்று வருகிறது. படம் போகப் போக அதே புன்னகையில் அச்சம் ஒரு நூல் அளவு ஏறிக்கொண்டே போகும். முகத்தை வளைத்துக் காட்டும் அகன்ற கோண லென்ஸை மிக அருகில் வைத்துப் படம்பிடித்தவர் ஸ்தானிஸ்லாவ் மிலோட்டா. பின்னாளில் க்ரமோஸ்தோவாவின் கணவரானவர் இவர்தான். 1969 ஜனவரியில், சோவியத் ஆக்கிரமிப்பை எதிர்த்துத் தீக்குளித்த மாணவர் யான் பாலாக்கின் இறுதி ஊர்வலத்தைப் படம்பிடித்தவரும் இவரே.

படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோதே, 1968 ஆகஸ்ட் 20 இரவு சோவியத் தலைமையிலான வார்சா ஒப்பந்தப் படைகள் நாட்டுக்குள் நுழைந்தன. படம் 1969-ல் வெளியானது. ஆனால் சில ஆண்டுகளிலேயே புழக்கத்திலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. ஆக்கிரமிப்பாளர்களுக்குச் சிரித்த முகத்தோடு இசைந்துபோகும் ஒரு சின்ன மனிதனின் கதையை அந்த ஆண்டுகளில் யாரும் திரையில் காட்ட விரும்பவில்லை. காரணத்தை நீட்டி விளக்கத் தேவையில்லை.

தெரிந்திருக்க வேண்டிய நான்கு சொற்கள்

இனி இந்த நான்கும் திரும்பத் திரும்ப வரும்.

1. அரசுடைமை. செக்கோஸ்லோவாக்கியாவில் திரைப்படத் துறை 1945 ஆகஸ்டிலேயே அரசுடைமையானது. 1948-ன் நாடகச் சட்டத்தோடு தனியார் நாடகக் கம்பெனி என்பதே இல்லாமல் போனது. 1953-ல் தொடங்கிய தொலைக்காட்சியும் அரசினுடையது. ஆக, ஒரு நடிகருக்கு நாடு முழுக்க ஒரே முதலாளிதான்.

2. வேலை முத்திரை. ஒவ்வொருவரின் அடையாளப் புத்தகத்திலும் எங்கே வேலை செய்கிறார் என்ற பதிவு இருக்க வேண்டும். வேலை இல்லாமல் இருப்பது ‘ஒட்டுண்ணி வாழ்க்கை’ என்ற குற்றம், அதற்குச் சிறைத் தண்டனை உண்டு.

3. இயல்பாக்கம். 1968-ல் அலெக்சாண்டர் டூப்செக் தலைமையில் நடந்த சீர்திருத்தத்தைப் ‘பிராக் வசந்தம்’ என்பார்கள். படையெடுப்புக்குப் பிறகு, 1969 ஏப்ரலில் நாட்டை ஆண்ட கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமைக்கு வந்த குஸ்தாவ் ஹுசாக்கின் ஆட்சி அந்தச் சீர்திருத்தங்களைத் துடைத்தெடுத்தது. அதற்கு அவர்களே வைத்த பெயர் இயல்பாக்கம். அலுவலகம், பள்ளி, நாடகக்குழு என்று எல்லா இடத்திலும் ஆட்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ‘சகோதர நாட்டுப் படைகளின் வருகையைப் பற்றி உங்கள் கருத்து என்ன?’ என்பது அந்த விசாரணைகளின் மையக் கேள்வி. ஒருவருடைய வேலை அதற்கு அவர் சொல்லும் பதிலில் தொங்கியது.

4. எஸ்டிபி. அரசின் ரகசியப் போலீஸ். ஆளைப் பின்தொடர்வது, தகவல் சொல்ல ஆள் பிடிப்பது, கோப்பு திறப்பது எல்லாம் அதன் அன்றாட வேலை.

காகிதம் இல்லாத தடை எப்படி வேலை செய்தது

மேலே சொன்ன முதல் சொல்லையும் இரண்டாவது சொல்லையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே முதலாளி இருக்கும் நாட்டில் ஒருவரைத் தடை செய்ய உத்தரவு எதுவும் தேவையில்லை. அவரைக் கூப்பிடாமல் இருந்தால் போதும். இயக்குநர் ஒரு நடிகையின் பெயரைப் பட்டியலில் எழுதுவார், மேலிடத்தில் யாரோ அதை அடிப்பார், இயக்குநர் வேறு பெயரை எழுதுவார். யாரும் யாருக்கும் எதையும் எழுத்தில் தருவதில்லை. மேல்முறையீடு செய்ய வேண்டுமென்றால் எதை எதிர்த்துச் செய்வது?

க்ரமோஸ்தோவாவின் விஷயத்தில் இது படிப்படியாக நடந்தது. 1970-ல் வினோஹ்ராடி அரங்கின் இயக்குநராக இருந்த நாடகாசிரியர் ஃப்ரான்டிஷெக் பாவ்லிசெக் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அதே ஆண்டில் க்ரமோஸ்தோவாவும் அங்கிருந்து வெளியேறினார். அடுத்து ஓட்டோமார் க்ரெய்ச்சா நடத்திய புகழ்பெற்ற ‘வாசலுக்குப் பின்னால்’ அரங்கில் சேர்ந்தார். 1972-ல் அந்த அரங்கையே அரசு மூடிவிட்டது. அப்புறம் மேற்கு எல்லையோர நகரமான ஹெப்பில் கொஞ்ச காலம். 1973-க்குப் பிறகு அதுவும் இல்லை. வானொலி, தொலைக்காட்சி, பின்னணிக் குரல் எதுவும் இல்லை.

தடை எல்லார் மேலும் ஒரே அளவில் விழவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஹ்ருஷின்ஸ்கி 1968 ஜூனில் ‘இரண்டாயிரம் சொற்கள்’ என்ற சீர்திருத்த அறிக்கையில் கையெழுத்திட்டவர். அதனால் சில ஆண்டுகள் திரையில் அவருக்கு இடமில்லை. ஆனால் தேசிய அரங்கின் மேடையில் தொடர்ந்து நடித்தார், 1976-ல் சினிமாவுக்கும் திரும்பினார். திரைப்படம் லட்சக்கணக்கானோரிடம் போகிறது, மேடையோ ஒரு மாலையில் சில நூறு பேரிடம். அதனால் மேடையில் பிடியைக் கொஞ்சம் தளர்த்த முடிந்தது. பாவ்லிசெக்கின் கதை இன்னும் விசித்திரமானது. 1973-ல் வந்த, இன்றும் ஐரோப்பாவின் பல நாடுகளில் கிறிஸ்துமஸ் தோறும் ஒளிபரப்பாகும் சிண்ட்ரெல்லா படத்தின் திரைக்கதை அவருடையது. படத்தில் அவர் பெயர் இல்லை, வேறொருவர் பெயரில் வந்தது. எழுத்தாளருக்கு அப்படி ஒரு வழியாவது இருந்தது. நடிகைக்கு அதுவும் கிடையாது. முகத்தை யார் பெயரில் கொடுப்பது?

சரி, சாப்பாட்டுக்கு என்ன செய்வது? வேலை முத்திரையும் வேண்டும். ஒரு காலத்தில் நாடு முழுக்க முகம் தெரிந்த நடிகை விளக்குகளுக்கு நிழற்கூடு செய்யும் வேலைக்குப் போனார். கம்பிச் சட்டத்தின் மேல் துணியை இழுத்துக் கட்டித் தைப்பது. மிலோட்டாவும் பாரண்டோவ் படப்பிடிப்பு நிலையத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். ஒளியமைப்பில் மேதை ஒருவர் கேமராவைத் தொட முடியாமலும், மேடை வெளிச்சத்திலேயே வளர்ந்த ஒருவர் விளக்குக்கு உறை தைத்துக்கொண்டும் ஒரே வீட்டில் இருந்தார்கள்.

வீட்டு நாடகம்: பெயரும் பொருளும்

செக் மொழியில் இதை ‘வீட்டு அரங்கு’ என்றே சொன்னார்கள். 1976-ல் க்ரமோஸ்தோவாவும் மிலோட்டாவும் பிராக்கில் தங்கள் வீட்டில் அதைத் தொடங்கினார்கள்.

பிராக்கின் பழைய அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு ஹாலை நினைத்துக்கொள்ளுங்கள். மேசையைச் சுவரோரம் தள்ளி, நாற்காலி, மெத்தை, தரை என்று நெருக்கி உட்கார்ந்தால் இருபது முப்பது பேர். திரை இல்லை, மேடை உயரம் இல்லை. வினோஹ்ராடியில் மாடத்தின் கடைசி வரிசைவரை குரலை வீசிப் பழகியவர், இங்கே முழங்காலுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரிடம் பேச வேண்டும். கை கொஞ்சம் அதிகமாக உயர்ந்தாலும் பொய்யாகிவிடும். ‘பிணம் எரிப்பவர்’ படத்தில் கேமராவுக்கு மிக அருகில் அவர் செய்த அந்தச் சின்னச் சின்ன வேலை இங்கே கைகொடுத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. திரையும் மேடையும் அந்த ஹாலில் ஒன்றாகிவிட்டன.

ஆட்களை வாய்மொழியாக அழைத்தார்கள், வந்தவர்கள் விருந்தினர்கள். நண்பர்களை வீட்டுக்குக் கூப்பிட்டு ஏதாவது படித்துக் காட்டுவது எந்தச் சட்டத்திலும் குற்றம் இல்லை. அரசு எழுத்தில் எதையும் தடை செய்யாததால் இப்படி ஒரு சந்து திறந்திருந்தது. எழுதப்படாத தடையைக் கொண்டு மேடையை மூடலாம். ஒருவர் தன் வீட்டில் வாயைத் திறப்பதை மூட, அவர்கள் ஏதாவது எழுதியாக வேண்டும்.

முதல் நிகழ்ச்சி, கவிஞர் யரோஸ்லாவ் சைஃபர்ட்டின் ‘உலகின் எல்லா அழகுகளும்’ என்ற நினைவுக் குறிப்புகளிலிருந்து அமைந்தது. அப்போது அது அச்சில் வராத கையெழுத்துப் பிரதி. செக் மொழியில் அது நூலாக வந்தது 1981-ல்தான், அதுவும் வெளிநாட்டில். சைஃபர்ட்டுக்கு 1984-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஹாலில் உட்கார்ந்திருந்தவர்கள் அதையெல்லாம் பல ஆண்டுகள் முன்னாலேயே காதால் கேட்டுவிட்டார்கள்.

1977: கையெழுத்துகளின் ஆண்டு

1975-ல் ஹெல்சிங்கி மாநாட்டில் செக்கோஸ்லோவாக்கியாவும் மனித உரிமை வாக்குறுதிகளில் கையெழுத்திட்டது. 1976-ல் ஐ.நா. மனித உரிமை உடன்படிக்கைகள் நாட்டின் சட்டத் தொகுப்பிலேயே அச்சாயின. ‘நீங்களே எழுதிய சட்டத்தை நீங்களே மதியுங்கள்’ என்று கேட்டு ஒரு சிறு குழு அறிக்கை எழுதியது. அதுதான் ‘சாசனம் 77’. முதலில் 240-க்கு மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். 1977 ஜனவரி 6 அன்று அதைத் தபாலில் சேர்க்கவும் நாடாளுமன்றத்தில் கொடுக்கவும் காரில் கிளம்பியபோது, நாடகாசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெலையும் எழுத்தாளர் லுட்விக் வாட்சுலிக்கையும் போலீஸ் துரத்திப் பிடித்தது. காரை ஓட்டியவர் நடிகர் பாவெல் லண்டோவ்ஸ்கி.

க்ரமோஸ்தோவாவும் சாசனத்தில் கையெழுத்திட்டவர். இதன் எடை புரிய, சில வாரங்கள் கழித்து நடந்ததைப் பார்க்க வேண்டும். 1977 ஜனவரி 28 அன்று தேசிய அரங்கில் நாட்டின் கலைஞர்களைக் கூட்டினார்கள். சாசனத்தைக் கண்டிக்கும் அறிக்கையை நடிகை யிரினா ஷ்வோர்ட்சோவா வாசித்தார். கலைஞர்கள் அதை ஆதரித்துக் கையெழுத்திட்டார்கள். நாளிதழ்களில் பெயர்கள் பத்தி பத்தியாக வந்தன. இதை மக்கள் ‘எதிர்ச்சாசனம்’ என்று அழைத்தார்கள். சாசனத்தின் வாசகம் எந்த செக் நாளிதழிலும் வந்ததில்லை. கையெழுத்திட்டவர்களில் பெரும்பாலோர் தாங்கள் எதைக் கண்டிக்கிறோம் என்று படித்ததே இல்லை.

அவர்கள் எல்லாரையும் கோழைகள் என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. நாற்பது வயதில், இரண்டு பிள்ளைகளோடு, ஒரே முதலாளி இருக்கும் நாட்டில் நடிப்பைத் தவிர வேறு தெரியாத ஒருவர் என்ன செய்வார்? ஆனால் அந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு பார்க்கும்போதுதான், நிழற்கூடு தைத்துக்கொண்டிருந்த ஐம்பது வயதுப் பெண் மறுபக்கத்தில் போட்ட கையெழுத்தின் கனம் தெரிகிறது.

ஐந்து பேர், ஒரு பெட்டி

சாசனத்துக்குப் பிறகு வீட்டு நாடகத்தின் தன்மை மாறியது. 1977-ல் ‘அப்பல்பிளாட்ஸ் 2’ என்ற நிகழ்ச்சி வந்தது. வதைமுகாம்களில் கைதிகளை நிறுத்தி எண்ணும் மைதானத்துக்கு அப்பல்பிளாட்ஸ் என்று பெயர். 1978-ல் வந்ததுதான் உலகம் அறிந்த நிகழ்ச்சி: ஷேக்ஸ்பியரின் மெக்பெத்.

நாடகாசிரியர் பாவெல் கொஹௌட் அதை ஒன்றேகால் மணி நேரம் அளவுக்குச் சுருக்கினார். மெக்பெத்தாக லண்டோவ்ஸ்கி, அவர் மனைவியாக க்ரமோஸ்தோவா. கொஹௌட்டும் அவருடைய மகள் தெரேசாவும் மற்ற வேடங்களில். பாட்டுக்கு வ்லாஸ்திமில் த்ரெஷ்னியாக். மொத்தம் ஐந்து பேர். யாராவது தங்கள் வீட்டில் மெக்பெத் நடக்க வேண்டும் என்று விரும்பினால் நண்பர்களைக் கூட்டிவிட்டுச் சொல்லி அனுப்பலாம், ஐந்து பேரும் ஒரே ஒரு பெட்டியோடு வந்து இறங்குவார்கள். வாளும் கிரீடமும் உடையும் அந்தப் பெட்டிக்குள் அடக்கம்.

ஏன் மெக்பெத்? என் புரிதலில் மூன்று காரணங்கள் உண்டு.

1. ஷேக்ஸ்பியரை ‘அரசுக்கு விரோதமான எழுத்து’ என்று எந்தப் போலீஸ்காரரும் கோப்பில் எழுத முடியாது. பள்ளிப் புத்தகத்தில் இருப்பவர்.

2. அது அதிகாரத்தைப் பறித்துக்கொண்டவன் நிம்மதி இழக்கும் கதை. ஒவ்வொரு பிரபுவின் வீட்டிலும் தனக்கு ஒற்றன் இருக்கிறான் என்று மெக்பெத்தே ஓரிடத்தில் சொல்கிறான். 1978-ல், ஒட்டுக்கேட்கும் கருவி எந்தச் சுவரில் இருக்கிறது என்று தெரியாத ஒரு வீட்டில் அந்த வரியைக் கேட்பவருக்கு உரை தேவையில்லை.

3. நாடகத்தின் முக்கியமான குற்றம் ஒரு வீட்டுக்குள்தான் நடக்கிறது. விருந்தினராக வந்த அரசன் கொல்லப்படுகிறான். கதவு தட்டப்படுகிறது. விருந்தினர்களோடு நெருக்கி உட்கார்ந்திருக்கும் ஹாலில், கதவைத் தட்டும் சத்தம் நாடகத்தில் உள்ளதா வெளியே உள்ளதா என்று ஒரு நொடி எல்லாரும் யோசிப்பார்கள்.

அந்த யோசனைக்குக் காரணமும் இருந்தது. வருகிறவர்களைப் போலீஸ் கண்காணித்தது, அடையாளப் புத்தகத்தைக் கேட்டது, விசாரணைக்குக் கூப்பிட்டது. நடிப்பவர்களுக்கு இழக்க இனி வேலை இல்லை. பார்க்க வந்தவர்களுக்கு இருந்தது. துணிச்சலை எண்ணும்போது அந்தப் பார்வையாளர்களையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்பேன்.

இங்கிலாந்தின் நாடகாசிரியர் டாம் ஸ்டாப்பர்டுக்கு இந்தச் செய்தி போனது. அவர் செக்கோஸ்லோவாக்கியாவின் ஸ்லீன் நகரில் பிறந்தவர். 1977-ல் பிராக் வந்து கொஹௌட்டையும் லண்டோவ்ஸ்கியையும் சந்தித்திருந்தார். 1979-ல் ‘கஹூட்ஸ் மெக்பெத்’ என்ற நாடகத்தை எழுதினார். அதில் ஒரு வீட்டு ஹாலில் மெக்பெத் நடந்துகொண்டிருக்கும்போது போலீஸ் அதிகாரி உள்ளே நுழைகிறார். பிராக்கின் ஒரு ஹால் அப்படித்தான் ஆங்கில மேடைக்குப் போனது.

அந்தக் குழு நீடிக்கவில்லை. கொஹௌட் 1978-ல் வியன்னாவுக்குப் போனார், அடுத்த ஆண்டு திரும்பியபோது எல்லையில் உள்ளே விடவில்லை. லண்டோவ்ஸ்கியும் வியன்னாவின் பர்க் அரங்குக்குப் போனார், அவரும் 1989 வரை திரும்ப முடியவில்லை. ஆளை வெளியே போகவிட்டுக் கதவைச் சாத்துவது அந்த ஆட்சி கற்றுக்கொண்ட இன்னொரு காகிதமில்லாத முறை.

க்ரமோஸ்தோவா போகவில்லை. 1979-ல் இன்னொரு நிகழ்ச்சி செய்தார். பாவ்லிசெக், அதே பழைய வினோஹ்ராடி இயக்குநர், எழுதிக்கொடுத்த ‘போஹீமியாவில் புதைப்பது பற்றிய அறிக்கை’. பொருள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும் செக் எழுத்தாளர் போஷெனா நெம்ட்சோவா. ஆஸ்திரியப் பேரரசின் போலீஸ் கண்காணிப்பில் வாழ்ந்து, 1862-ல் வறுமையில் செத்தவர். செத்த பிறகு நாடே அவரைக் கொண்டாடியது. மிலோட்டா மறுபடி கேமராவைக் கையில் எடுத்து அதைப் பதிவு செய்தார். பதிவு எல்லை தாண்டிப் போய் ஆஸ்திரியத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது.

1950-களின் கறை

இப்போது முன்னால் தள்ளிவைத்த விஷயம். 1950-களில், ஸ்டாலினிய விசாரணைகளும் தூக்குத் தண்டனைகளும் நடந்த காலத்தில், இளம் நட்சத்திரமாக இருந்த க்ரமோஸ்தோவா எஸ்டிபிக்கு ஒத்துழைத்தவர். பின்னாளில் எந்தப் போலீஸ் அவர் வீட்டைச் சுற்றி நின்றதோ அதே போலீஸுக்கு.

1989-க்குப் பிறகு இது நாடு முழுக்கப் பெரிய கேள்வியாயிற்று. எஸ்டிபியோடு தொடர்புடையவர்கள் அரசின் முக்கியப் பதவிகளில் இருக்கக் கூடாது என்று 1991-ல் சட்டம் வந்தது. 1990-களின் பிற்பகுதியில் கோப்புகள் திறக்கத் தொடங்கின. பலர் மறுத்தார்கள், வழக்குப் போட்டார்கள். க்ரமோஸ்தோவா தன் நினைவுக் குறிப்புகளில் அதை ஒப்புக்கொண்டார், வெளிப்படையாகப் பேசினார்.

இதை எப்படி எடைபோடுவது? பிற்கால வீரத்தைக் காட்டி அந்த ஆண்டுகளை அழித்துவிடக் கூடாது, அவர் சொன்ன தகவல்கள் யாரோ சிலரைப் பற்றியவையாக இருந்திருக்கும். முந்தைய தவறைக் காட்டி வீட்டு நாடகத்தைச் சிறுமைப்படுத்துவதும் நியாயமில்லை. அந்தப் போலீஸ் எப்படி வேலை செய்யும் என்று உள்ளிருந்து அறிந்தவர் அவர். அறிந்தபிறகும் கதவைத் திறந்து விருந்தினர்களை உள்ளே அழைத்தார். 1970-களில் அவர் எடுத்த முடிவுகளில் கடந்தகாலத்தை ஈடுசெய்யும் விருப்பமும் இருந்திருக்கும் என்று நம்புகிறேன்.

திரும்பி வந்த மேடை

1989 நவம்பர் 17, வெள்ளிக்கிழமை. க்ரமோஸ்தோவாவின் 63-வது பிறந்தநாள். அன்று மாலை பிராக் மாணவர்களின் ஊர்வலத்தை நரோட்னி தெருவில் போலீஸ் மறித்து அடித்தது. அந்தத் தெரு போய் முடிகிற இடத்தில்தான், ஆற்றங்கரையில், தேசிய அரங்கு நிற்கிறது. மறுநாளே நாடகக் கலைஞர்கள் வேலைநிறுத்தம் அறிவித்தார்கள். மாலையில் திரை விலகும், நடிகர்கள் நாடகத்துக்குப் பதில் அறிக்கையை வாசிப்பார்கள், பார்வையாளர்களோடு பேசுவார்கள். 19-ஆம் தேதி இரவு, ஆட்சியை எதிர்த்தவர்களை ஒன்றுசேர்த்த ‘குடிமக்கள் மன்றம்’ உருவானதும் ஒரு நாடக அரங்கில்தான். கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்தது, டிசம்பர் கடைசியில் நாடகாசிரியர் ஹாவெல் குடியரசுத் தலைவரானார்.

1990-களின் தொடக்கத்தில் க்ரமோஸ்தோவா தேசிய அரங்கின் குழுவில் சேர்ந்தார். எதிர்ச்சாசனம் வாசிக்கப்பட்ட அதே மேடை. அறுபத்து நான்கு வயதை நெருங்கியிருந்தார். ஒரு நடிகைக்கு ஐம்பதைச் சுற்றிய ஆண்டுகளில் கிடைத்திருக்க வேண்டிய பாத்திரங்கள் எதுவும் திரும்ப வரப்போவதில்லை. கிடைத்தவை முதியவர்களின் பாத்திரங்கள். 1998-ல் வந்த ‘செக்கலைக் கொன்றாக வேண்டும்’ படத்தில் நடித்தார். 2011-ல், ஹாவெல் தன் நாடகத்தைத் தானே இயக்கிப் படமாக்கிய ‘விடைபெறல்’ படத்தில் பாட்டியாக வந்தார். மிலோட்டா 2019 பிப்ரவரியில் காலமானார். அதே ஆண்டு அக்டோபர் 6 அன்று க்ரமோஸ்தோவாவும் போனார், 92 வயது.

தேசிய அரங்கில் அவர் ஏற்ற முதிய வயதுப் பாத்திரங்களில் ஒன்று ‘பாட்டி’. செக் பிள்ளைகள் எல்லாரும் பள்ளியில் படிக்கும் நாவலின் மேடை வடிவம். நாவலை எழுதியவர் போஷெனா நெம்ட்சோவா.